அட்ரீனல் கட்டிக்கு சி.டி. ஸ்கேன்: காப்பீட்டு அட்டையை எப்போது காட்ட வேண்டும்?

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டி ஒன்று தற்செயலாகத் தென்படுவதுண்டு. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ அத்தகைய அறிக்கையுடன் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வருபவருக்கு, அடுத்த ஸ்கேனுக்குக் காப்பீட்டு அட்டை செல்லுமா என்ற கேள்வி எழுவது இயல்பு.

2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். குடும்பத்தார் அனைவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற முடியும். அறுவை சிகிச்சைகளுடன் நோயறியும் பரிசோதனைகள் சிலவும் பட்டியலில் உள்ளன. ஆயினும் இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டமே தவிர, வெளியே பணம் கட்டிவிட்டு ரசீதைக் காட்டித் திரும்பப் பெறும் திட்டம் அன்று. எனவே ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே மருத்துவரின் சீட்டையும் அட்டையையும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, அந்தப் பரிசோதனை அங்கே திட்டத்தில் அடங்குமா என்று கேட்டுவிட வேண்டும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தை அணுகலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800 425 3993.

பழைய ஸ்கேன் படத்தையும் குறுந்தகட்டையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள். சில வேளைகளில் புதிய ஸ்கேனே தேவைப்படாது. படத்தில் உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாமல் எடுத்த சி.டி.யில், கட்டி எங்கும் ஒரே சீராக இருந்து, அதன் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு அல்லது அதற்குக் குறைவு என்று அறிக்கையில் இருந்தால், அது பெரும்பாலும் கொழுப்பு நிறைந்த, புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டிதான். கல்லுக்கான ஸ்கேன் வழக்கமாகக் கான்ட்ராஸ்ட் இல்லாமலே எடுக்கப்படுவதால், விடை ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கக்கூடும். அடர்த்தி அதைவிடக் கூடுதலாக இருந்தால், மருந்து செலுத்திய பின் 15 நிமிடம் கழித்து மீண்டும் படமெடுத்து, மருந்து கட்டியிலிருந்து எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. அதற்கு முன், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் பார்க்கப்படும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கட்டி ஹார்மோனைச் சுரக்கிறதா என்பதை ஸ்கேன் சொல்லாது. அதற்கு இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் வேண்டும். குறிப்பாக, இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வகை இல்லை என்று உறுதியாகும் வரை, கட்டியில் ஊசி குத்திச் சதை எடுக்க மருத்துவர்கள் முற்படுவதில்லை.