டயட்டீஷியன் ஏன் கெண்டைக்காலை அளக்கிறார்?

"72 வயது மாமியாரை டயட்டீஷியனிடம் கூட்டிப் போனேன். சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்ப்பார் என்று நினைத்தால், டேப்பை எடுத்துக் கெண்டைக்காலை அளந்தார். எதற்கு?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தசை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத்தான். முதியோரின் ஊட்ட நிலையை மதிப்பிடும் எம்.என்.ஏ. கேள்வித்தாளில், 31 செ.மீ.க்குக் குறைந்த கெண்டைக்கால் ஓர் எச்சரிக்கை. பசிக்கிறதா, மூன்று மாதத்தில் எடை குறைந்ததா என்றும் அதில் உண்டு. பல்செட் சரியாக உட்காருகிறதா என்பதையும் நல்ல டயட்டீஷியன் கேட்காமல் விடமாட்டார்.

வயதாகத் தசை கரைவதற்கு 1989-இல் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் வைத்த பெயர் சார்கோபீனியா. சரி, ஏன் கரைகிறது?

தசையில் தினமும் கொஞ்சம் இடிகிறது, கொஞ்சம் கட்டப்படுகிறது. செங்கல், சாப்பாட்டுப் புரதம் உடைந்து கிடைக்கும் அமினோ அமிலங்கள். பள்ளியில் படித்ததுதான். ஆனால் லூசின் என்ற அமினோ அமிலம் செங்கல்லாகவும் இருந்துகொண்டு, தூங்கும் மேஸ்திரியையும் எழுப்புகிறது. இந்த இடம் எனக்கு அலுப்பதே இல்லை. மேஸ்திரியின் பெயர் எம்டார், செல்லுக்குள் கட்டுமானத்தை முடுக்கிவிடும் புரதம். அவரை எழுப்ப வேண்டிய ஆள் கேட்டர்2 என்ற புரதக் கூட்டு. அந்த ஆளின் கையை செஸ்ட்ரின்2 என்ற புரதம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சாப்பாட்டிலிருந்து வரும் லூசின், செஸ்ட்ரினில் தனக்கென்றே இருக்கும் ஒரு குழியில் கச்சிதமாகப் போய் உட்காரும். உடனே பிடி விடுகிறது, கேட்டர் ஓடுகிறது, மேஸ்திரி எழுகிறார்.

வயதானால் மேஸ்திரிக்குக் காது மந்தம். ஒரு வேளையில் கட்டுமானம் முழுவேகம் பிடிக்க, இளைஞருக்கு எடையில் கிலோவுக்குச் சுமார் 0.24 கிராம் புரதம் போதும். எழுபதை ஒட்டியவர்களுக்கு 0.4 கிராம். 50 கிலோ மாமியாருக்கு வேளைக்கு 20 கிராம் ஆகிறது. இரண்டு இட்லி, சாம்பாரில் 8 தேறினால் அதிகம். டயட்டீஷியன் இட்லியை நிறுத்தச் சொல்லமாட்டார். பக்கத்தில் ஒரு முட்டையும் (6 கிராம்) ஒரு தம்ளர் பாலும் (இன்னொரு 6) வைக்கச் சொல்வார். முட்டை ஆகாதென்றால் குழைய வேகவைத்த சுண்டல். "வாயு" என்று பயந்தால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கலாம். "வயசானவங்களுக்குக் கஞ்சி போதும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கணக்கே வேறு. டாக்டரைக் கேட்காமல் புரத டப்பா வாங்காதீர்கள்.

ஒரு மனக்குறை. அந்த 0.4 மேல்நாட்டு ஆண்களுக்குப் பால், முட்டைப் புரதம் கொடுத்து அளந்த கணக்கு. அடையும் கூட்டும் சாப்பிடும் நம் பாட்டிகளை வைத்து விரிவாக அளக்கப் பணம் ஒதுக்கினால் என்ன? ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 1918-இல் குன்னூரில் ஒற்றை அறையில், மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி என்ற வைட்டமின் பி1 குறைபாட்டு நோயை ஆராயத் தொடங்கியதுதான்.

அப்புறம், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியையும் டயட்டீஷியன் சொல்லியிருப்பாரே? அதை விட்டுவிடாதீர்கள். உழைத்த தசையில் மேஸ்திரிக்குக் காது கொஞ்சம் கூர்மையாகிறது. அதே சாப்பாட்டுக்குக் கூடுதலாகக் கட்டுகிறார்.