வெறுப்பை எந்தக் கோலால் அளப்பது?

ஒரு நாட்டில் பொதுத்தேர்தல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரசாரம் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் ஓர் ஆய்வு முடிவு வரைபடமாக வெளியாகிறது. அ கட்சியைப் பற்றிய இணையப் பதிவுகளில் 5.85 சதவீதம் வெறுப்புப் பேச்சு. ஆ கட்சியைப் பற்றியவற்றில் 2.88 சதவீதம். "எங்கள் மீது இரண்டு மடங்கு வெறுப்பைக் கொட்டுகிறார்கள்" என்று அ கட்சியினர் கொதிக்கிறார்கள். "நீங்கள் நடந்துகொண்ட விதம் அப்படி" என்று ஆ கட்சியினர் திருப்பிக் கொடுக்கிறார்கள். இந்த எண்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நானே எடுத்துக்கொண்டவை. ஆனால் இரண்டு கட்சிகள் மீதும் வெறுப்பு சரிசமமாக இருக்கும்போதுகூட இப்படி ஒரு முடிவு வந்துவிடலாம். எப்படி என்று புரிய, இந்த எண் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் சிக்கல், எதை எண்ணப்போகிறோம் என்பதுதான். ஐக்கிய நாடுகள் சபை 2019-இல் வெளியிட்ட செயல்திட்டம் வெறுப்புப் பேச்சுக்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒருவரையோ ஒரு குழுவையோ மதம், இனம், தேசியம், நிறம், வம்சாவளி, பாலினம் போன்ற அடையாளத்தை வைத்துத் தாக்குவதும் இழிவுபடுத்துவதும்தான் வெறுப்புப் பேச்சு என்பது அதன் சாரம். அந்தப் பட்டியலில் அரசியல் கட்சி பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அதற்கு நல்ல நியாயம் இருக்கிறது. கட்சி என்பது அதிகாரம் கேட்டு மக்கள் முன் வந்து நிற்கிற அமைப்பு. அதைக் கடுமையாகத் திட்டுகிற உரிமை இல்லாமல் தேர்தலே இல்லை. "இந்தக் கட்சி திருடர் கூட்டம்" என்பது வசை, அவ்வளவுதான். "இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் புழுக்கள்" என்றால் கதை மாறுகிறது. அங்கே மனிதர்களை மனிதர்களாகப் பார்க்க மறுப்பது தொடங்கிவிட்டது. "அந்தக் கட்சிக்காரன் எவன் கண்ணில் பட்டாலும் கையை உடைக்க வேண்டும்" என்பது நேரடியான வன்முறை அழைப்பு. இவை மூன்றையும் ஒரே கூடையில் போட்டு ஒரே சதவீதம் சொல்வது பெரிய தவறு என்று நினைக்கிறேன். விமர்சனம், வசை, இழிவு, மிரட்டல் என்று படிப்படியாகப் பிரித்து, தாக்கப்படுவது தலைவரா, கட்சியா, அதற்கு வாக்களிப்பவர்களா என்பதையும் தனியாகக் குறித்துவைக்கும் ஆய்வைத்தான் நம்பிப் படிக்கலாம். கட்சியின் பெயரைச் சொல்லி உண்மையில் ஒரு மதத்தையோ சமூகத்தையோ தாக்கும் பதிவுகளும் உண்டு. அவற்றைத் தனியாகப் பிடிக்காவிட்டால், இருப்பதிலேயே ஆபத்தானது கண்ணில் படாமல் போய்விடும்.

சரி, வரையறை முடிந்தது. பதிவுகளை எப்படிச் சேகரிப்பது? மோசமான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து அவை வரும் பதிவுகளை அள்ளுவதுதான் சுலபமான வழி. அது எவ்வளவு தூரம் பலன் தரும் என்பதற்கு 2017-இல் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள், வெறுப்புச் சொற்களின் பட்டியலை வைத்துத் தேடியெடுத்த ட்விட்டர் பதிவுகளில் சுமார் 25,000-ஐ மனிதர்களிடம் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார்கள். வெறுப்புப் பேச்சு என்று பெரும்பான்மையோர் குறித்தது அவற்றில் ஏறக்குறைய 5 சதவீதம் மட்டுமே. மிச்சத்தில் பெரும்பகுதி வெறும் கெட்ட வார்த்தை. இதன் மறுபக்கமும் உண்டு. நல்ல சொற்களை மட்டுமே வைத்துக் குத்துகிறவர்களும், தடையைத் தாண்டுவதற்காக எழுத்துகளை மாற்றி எழுதுகிறவர்களும் இந்த வலையில் சிக்குவதே இல்லை. அதனால் கட்சியைப் பற்றிப் பேசும் எல்லாப் பதிவுகளையும் திரட்டி, அதிலிருந்து குலுக்கல் முறையில் சாம்பிள் எடுப்பதுதான் நேர்மையான வழி. அதையும் அன்றன்றைக்கே செய்துவிட வேண்டும். தேர்தல் முடிந்த பிறகு சேகரிக்கப் போனால், மிகக் கொடூரமான பதிவுகளைத் தளங்களோ எழுதியவர்களோ அதற்குள் நீக்கியிருப்பார்கள். நம் கைக்கு வருவது சுத்தம் செய்யப்பட்ட குப்பைத்தொட்டிதான்.

அடுத்து, மனிதர்கள் உட்கார்ந்து படிக்கும் கட்டம். ஒரே பதிவை இரண்டு மூன்று பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் படித்து அடையாளமிடுவார்கள். 100 பதிவுகளை இரண்டு பேர் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் 10 பதிவுகளை வெறுப்பு என்கிறார்கள். ஆனால் இருவரும் சேர்ந்து குறித்தது 5-ஐ மட்டும். வெறுப்பு இல்லை என்று இருவரும் சொன்னவை 85. ஆக, 100-க்கு 90 பதிவுகளில் ஒத்துப்போகிறார்கள். கேட்பதற்கு அருமையாக இருக்கிறது. ஆனால் ஆளுக்குப் பத்து பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்திருந்தாலே சராசரியாக 82 பதிவுகளில் ஒத்துப்போயிருப்பார்கள்! ஜேக்கப் கோஹன் 1960-இல் உருவாக்கிய 'காப்பா' என்ற அளவு, இந்தத் தற்செயல் ஒற்றுமையைக் கழித்துவிட்டுப் பார்க்கிறது. அதன்படி இவர்களுக்குக் கிடைப்பது 0.44 மட்டுமே. முழு ஒற்றுமைக்கு 1. அரசியல் பதிவுகளில் இதற்கும் மேலே ஒரு தொல்லை வருகிறது. தன் கட்சியைத் திட்டினால் வெறுப்பு என்றும், எதிர்க்கட்சியைத் திட்டினால் விமர்சனம் என்றும் தோன்றுவது மனித இயல்பு. படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தவர்களாக இருந்தால் அளவுகோலும் அதே பக்கம் சாயும். வெவ்வேறு அரசியல் சார்புள்ளவர்களைக் கலந்து உட்காரவைக்காத ஆய்வை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

லட்சக்கணக்கான பதிவுகளை ஆள் வைத்துப் படிக்க முடியாது. அதனால் மனிதர்கள் குறித்ததைப் பார்த்து ஒரு மென்பொருள் கற்றுக்கொள்கிறது. அது எங்கெங்கே தடுக்கி விழுகிறது என்று பார்க்க, 2021-இல் 'ஹேட்செக்' என்ற சோதனைத் தொகுப்பை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதில் 29 வகைச் சோதனைகள். வெறுப்பைக் கண்டித்து எழுதுகிறவர் அந்த வாசகத்தை மேற்கோள் காட்டினால், சோதிக்கப்பட்ட மென்பொருள்கள் பல நேரம் கண்டித்தவரையே குற்றவாளி ஆக்கிவிட்டன.

இப்போது முதலில் பார்த்த வரைபடத்துக்குத் திரும்புவோம். அ கட்சியைப் பற்றி 1,00,000 பதிவுகள். அவற்றில் உண்மையான வெறுப்பு 1 சதவீதம், அதாவது 1,000. நம் மென்பொருள் வெறுப்பில் 90 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கும். வெறுப்பில்லாத பதிவுகளில் 5 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கும். கேட்டால் நல்ல மென்பொருள்தான். அது 1,000-இல் 900-ஐப் பிடிக்கிறது. மிச்சமுள்ள 99,000-இல் 5 சதவீதம், அதாவது 4,950 அப்பாவிப் பதிவுகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. மொத்தம் 5,850. வரைபடத்தில் 5.85 சதவீதம் ஏறிவிட்டது, ஆனால் உண்மை 1 சதவீதம்தான். அரிதான ஒன்றைத் தேடும்போது, தேடும் கருவியின் சின்னத் தவறுகூட தேடப்படும் பொருளைவிடப் பெரிதாகிவிடுகிறது.

ஆ கட்சிக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அங்கேயும் 1,00,000 பதிவுகள், உண்மை வெறுப்பு 1 சதவீதம். ஆனால் அந்தக் கட்சியைப் பற்றிப் பேசுகிறவர்களின் நடை மென்பொருளுக்குப் பழக்கமானது. தவறாகப் பிடிப்பது 2 சதவீதம் மட்டும். 900-உம் 1,980-உம் சேர்ந்து 2,880. அதுதான் அந்த 2.88 சதவீதம். இரண்டு கட்சிகள் மீதும் வெறுப்பு ஒரே அளவு. வரைபடம் காட்டிய இரண்டு மடங்கு வித்தியாசம் முழுக்க முழுக்க மென்பொருளின் தடுமாற்றம்.

பேச்சு நடையை வைத்து மென்பொருள் தடுமாறுவது வெறும் கற்பனை இல்லை. 2019-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், கறுப்பின அமெரிக்கர்களின் ஆங்கில நடையில் எழுதப்பட்ட பதிவுகள் புண்படுத்துபவை என்று முத்திரை குத்தப்படும் வாய்ப்பு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வரை கூடுதலாக இருந்தது. ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் வட்டார வழக்கில், கொச்சையாக, இரண்டு மொழி கலந்து எழுதுகிறவர்களாக இருந்தால் இதே அநியாயம் அங்கேயும் நடக்கும்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. அது மருத்துவத் துறையிலிருந்து வந்தது. நோய்ப் பரிசோதனைகள் தவறாகச் சொல்வதை ஈடுகட்டி உண்மையான நோய் அளவைக் கணிக்க, ரோகன், கிளேடன் என்ற இருவர் 1978-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். வந்த சதவீதத்திலிருந்து தவறாகப் பிடிக்கும் சதவீதத்தைக் கழிக்க வேண்டும்: 5.85-இல் 5 போனால் 0.85. அப்புறம், சரியாகப் பிடிக்கும் விகிதத்துக்கும் தவறாகப் பிடிக்கும் விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் அதை வகுக்க வேண்டும்: 0.90-இல் 0.05 போனால் 0.85. விடை 1 சதவீதம். ஆ கட்சிக்கு 0.88-ஐ 0.88-ஆல் வகுத்தால் அதே 1. கேட்க மிக எளிது. ஆனால் அந்த 5-ம் 2-ம் எவ்வளவு துல்லியமானவை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 5 என்று நினைத்தது உண்மையில் 4 ஆக இருந்தால் விடை 1 இல்லை, 2.15. அதனால் ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனியாக, ஆயிரக்கணக்கான பதிவுகளை மனிதர்கள் மறுபடி படித்துப் பார்த்தாக வேண்டும். பிரசாரம் நகர நகரப் புதுப் பட்டப்பெயர்கள், புது மீம்கள் வரும். போன மாதம் சரியாக இருந்த மென்பொருள் இந்த மாதம் தடுமாறும். ஆகவே இந்தச் சோதனையை வாரா வாரம் செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பதிவுகளை எண்ணுவது ஒன்று, பார்வைகளை எண்ணுவது வேறு. நூறு பேர் எழுதி யாருமே படிக்காத வசையும், ஒருவர் எழுதிப் பத்து லட்சம் பேர் பார்த்த மிரட்டலும் ஒன்றாகாது. ஃபேஸ்புக் 2020-இன் மூன்றாம் காலாண்டுக்கு முதன்முறையாக வெளியிட்ட கணக்கு பார்வைகளைத்தான் எண்ணியது: 10,000 பார்வைகளில் 10 அல்லது 11 வெறுப்புப் பேச்சு என்றது. ஆனால் பார்வை எண்ணிக்கை அந்தந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. வெளியே இருக்கிற ஆய்வாளருக்குக் கதவு சாத்திக்கொண்டே வருகிறது. ட்விட்டர் தன் தரவுகளை ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தந்துவந்ததை 2023-இல் நிறுத்தியது. ஃபேஸ்புக் பதிவுகளைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவி 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில் 40-ஆவது பிரிவு, தகுதி சரிபார்க்கப்பட்ட ஆய்வாளர்களுக்கு மிகப்பெரிய தளங்கள் தரவைத் தர வேண்டும் என்கிறது. அப்படி ஒரு சட்டம் இல்லாத இடங்களில், தன்னார்வலர்கள் தங்கள் கணக்கின் தரவைத் தாங்களே பதிவிறக்கி ஆய்வாளர்களிடம் கொடுக்கும் முறையும் இருக்கிறது. அப்படிக் கொடுக்க முன்வருகிறவர்கள் எல்லாக் கட்சிகளின் ஆதரவாளர்களிலிருந்தும் வருகிறார்களா என்று பார்ப்பது, அங்கே அளவுகோலுக்கு வைக்க வேண்டிய முதல் சோதனை.