தாலி கட்டும் படம் முந்தைய நாள் மாலையிலேயே தொடங்குகிறது

"தம்பி, இதைக் கொஞ்சம் சரிசெய்து கொடுக்க முடியுமா?" என்று கல்யாணப் படம் எடுக்கும் என்னிடம் ஓர் அம்மா மெமரி கார்டை நீட்டினார். மகளின் கல்யாணம். புதுக் கேமரா வாங்கிய உறவுக்காரப் பையன் எடுத்த படங்கள். தாலி கட்டும் நேரத்தில் மொத்தம் பதினொரு படங்கள். ஒன்றில் மாலை மட்டும் தெளிவு, முகங்கள் மங்கல். இன்னொன்றில் புரோகிதரின் தோள். மூன்றில் யாரோ நீட்டிய செல்போன்; அதன் திரைக்குள் மட்டும் தாலி சிறிதாகத் தெரிகிறது. இல்லாத படத்தை எப்படிச் சரிசெய்வது? இந்த ஆவணியில் மட்டும் இப்படி வந்தவர்களில் அவர் மூன்றாவது ஆள்.

விலை உயர்ந்த கேமரா இருந்தால் படம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை எப்போது கைவிடப் போகிறோம்? எது தாலி, எது மாலை என்று கேமராவுக்குத் தெரியாது. கண்களைத் தேடிப் பிடிக்கும் புதுக் கேமராவும், மணப்பெண் தலைகுனிந்ததும் தடுமாறும். கெட்டிமேளம் முழங்கி மூன்று முடிச்சும் விழ அரை நிமிடம் ஆனாலே அதிகம். அதற்குள் அட்சதை பறக்கிறது, ஹோமப் புகை எழுகிறது, நாத்தனார் பின்னாலிருந்து கை நீட்டுகிறார், கூட்டமே எழுந்து நிற்கிறது. அந்த நேரத்தில் எங்கே நிற்பது என்று யோசிப்பவருக்குப் படம் கிடைக்காது.

முந்தைய நாள் மாலையே மண்டபத்துக்குப் போய் மணவறையில் நானே உட்கார்ந்து பார்ப்பேன். "முடிச்சுப் போடும்போது எந்தப் பக்கம் இருப்பீர்கள் சாமி?" என்று புரோகிதரிடம் கேட்டுவைப்பேன். கேட்டதற்காகவே அவர் மறுநாள் சற்று விலகி இடம் விடுவார். அலங்காரக்காரரிடமும் பேச வேண்டும். ஊதா விளக்கு விழுந்தால் மஞ்சள் பூசிய முகம் நோயாளி முகமாகிவிடும். முகூர்த்தம் முடியும்வரை வண்ண விளக்குகளை அணைத்து வைக்கச் சொல்வேன். முன்னால் ஒருவர், பக்கவாட்டில் ஒருவர் என இரண்டு பேராவது நிற்க வேண்டும். முடிச்சு விழுவது கழுத்துக்குப் பின்னால், முகம் தெரிவது முன்னால். ஒருவரால் இரண்டையும் எடுக்க முடியாது.

கல்யாணத்துக்குப் படமெடுக்க ஆள் பேசும்போது, அவர் பொறுக்கியெடுத்துக் காட்டும் இருபது படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் கேளுங்கள். இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமராவா என்று கேளுங்கள். படங்கள் வேறோர் இடத்தில் பிரதியெடுக்கப்படும்வரை அந்தக் கார்டை யாரும் அழிக்கக் கூடாது.

அப்புறம், மேடையோரம் நிற்கும் மாமாக்களே, சித்தப்பாக்களே, அந்த அரை நிமிடம் செல்போனைச் சட்டைப்பையில் வையுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன். தாத்தா பாட்டியோடு எடுக்க வேண்டிய படங்களுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள். அவர்களைப் பந்திக்கு அனுப்புமுன் எடுத்துவிடுகிறோம். சாப்பிட்டதும் பாதிப் பேர் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.