மூக்குக்குள் வளர்ந்த கட்டி எந்த வகை? எம்ஆர்ஐ கண்டுபிடிக்கும் விதம்

ஒரு பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைத்தே கிடக்கிறது, அவ்வப்போது ரத்தமும் கசிகிறது என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்ப்பார். ஒரு சதைத் திரட்சி தெரியும். அது சாதாரண பாலிப்பா, பாப்பிலோமாவா, புற்றுநோயா என்று கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. கொஞ்சம் கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பினால் தெரிந்துவிடப் போகிறது என்று தோன்றும். மூக்கில் அந்த அவசரம் ஆபத்து. பதின்வயதுப் பையன்களுக்கு வரும் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற கட்டியில் ரத்தக்குழாய்கள் மண்டிக்கிடக்கும். கிள்ளினால் ரத்தம் கொட்டும். அபூர்வமாக, மண்டையோட்டுத் தளத்திலுள்ள துளை வழியே மூளைத் திசுவே இறங்கிவந்து சதைபோலத் தொங்குவதும் உண்டு. அதனால் முதலில் ஸ்கேன், அப்புறம்தான் பயாப்ஸி.

எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்று சிடி ஸ்கேன் நன்றாகக் காட்டும். கட்டியின் குணத்தைக் கேட்டால் எம்ஆர்ஐதான். திசுக்களில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சிக்னலைக் கொண்டுதான் அது படம் வரைகிறது. சளியில் பெரும்பகுதி நீர் என்பதால் டி2 வகைப் படத்தில் அது வெள்ளையாகப் பளிச்சிடும். செல்கள் நெருக்கமான கட்டி சாம்பல் நிறத்தில் தங்கும். சைனஸ் முழுக்க நிரம்பியிருப்பதில் கட்டி எவ்வளவு, வழி அடைபட்டதால் தேங்கிய சளி எவ்வளவு என்று இப்படித்தான் பிரிக்கிறார்கள். நாள்பட்டு இறுகிய சளி கறுத்துக் காற்றுபோலத் தெரிந்து ஏமாற்றும் என்பதால் ஒரே படத்தை நம்பி யாரும் முடிவெடுப்பதில்லை.

இன்வெர்ட்டட் பாப்பிலோமா என்ற கட்டி டி2 படத்தில் மூளை மடிப்புகளைப் போன்ற வரிகளைக் காட்டும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் பத்தில் ஒன்று என்ற அளவில் இதற்குள் புற்றுநோய் ஒளிந்திருக்கும். வரிகள் ஓரிடத்தில் அழிந்திருந்தால் அங்கேதான் சந்தேகம். பயாப்ஸி ஊசியோ கத்தியோ அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது டிஃப்யூஷன் முறை. நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கும். காலியான தெருவில் வீசி நடக்கிறவர் கூட்டத்துக்குள் அடிமேல் அடிவைத்து நகர்வதுபோல, செல்கள் நெருக்கியடித்த கட்டிக்குள் நீரின் அலைச்சல் குறைந்துவிடும். இதை அளக்கும் வழியை 1965இல் ஸ்டெஜ்ஸ்கல், டேனர் என்ற இரு விஞ்ஞானிகள் வகுத்தார்கள். ஒரு காந்தத் துடிப்பு ஒவ்வொரு அணுவுக்கும் அது இருக்கும் இடத்தைப் பொறுத்து ஓர் அடையாளத்தைப் போடும். சில மில்லிவினாடிகள் கழித்து இன்னொரு துடிப்பு அதை அழிக்கும். நகராத அணுவில் அடையாளம் முழுதாக அழியும், சிக்னல் அப்படியே மிஞ்சும். நகர்ந்த அணுவில் கணக்கு சரிப்படாது, சிக்னல் குறையும்.

இதிலிருந்து வரும் எண்தான் ஏடிசி, அதாவது திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக அலைகிறது என்பதன் அளவு. உடல் வெப்பத்தில் தடையற்ற நீருக்கு அது நொடிக்கு 0.003 சதுர மில்லிமீட்டர். மேற்பரப்புச் செல்களில் தோன்றும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோயில் 0.001ஐ ஒட்டி இருக்கும். செல்கள் அடைந்துகிடக்கும் லிம்போமா என்ற நிணநீர்ச் செல் புற்றுநோயில் அதற்கும் கீழே இறங்கும். இந்த வித்தியாசம் சிகிச்சையையே மாற்றிவிடும்: முன்னதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, பின்னதற்குக் கீமோதெரபியும் கதிர்வீச்சும். எண்கள் கருவிக்குக் கருவி சற்று மாறும், வகைகளுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்று படியவும் செய்யும்.

சிக்கல் என்னவென்றால், காற்றும் எலும்பும் திசுவும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் கோணும். மூக்கு முழுக்கவே அப்படிப்பட்ட இடம். வழக்கமான அதிவேக டிஃப்யூஷன் படம் அங்கே இழுபட்டு நெளியும். தரவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்கும் புதிய முறைகள் நேரம் கூடுதலாக எடுத்தாலும் நெளிவைப் பெரிதும் குறைக்கின்றன.

அடுத்தது ரத்த ஓட்டம். படத்தில் பளிச்சென்று தெரியும் கேடோலினியம் மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றி, சில வினாடிகளுக்கு ஒருமுறை படமெடுப்பார்கள். மருந்து மெல்ல ஏறிக்கொண்டே போகிறதா, சட்டென ஏறி நிற்கிறதா, ஏறிய வேகத்தில் வடிகிறதா என்று வரைபடம் போடுவார்கள். மெல்ல ஏறுவது பெரும்பாலும் தீங்கற்ற கட்டி. வேகமாக ஏறி வடிவது புற்றுநோய்ப் பக்கம் சாயும். ஆஞ்சியோஃபைப்ரோமாவும் வேகமாகவே ஏறும் என்பதால் இதையும் மற்றவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோயான மெலனோமா தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்: அதன் நிறமி உலோக அயனிகளைப் பிடித்து வைப்பதால், மருந்து ஏற்றாமலே டி1 என்ற இன்னொரு வகைப் படத்தில் வெளுப்பாகத் தெரியும். நிறமியில்லாத வகையில் இந்த உதவி கிடைக்காது.

இறுதித் தீர்ப்பு இன்றும் பயாப்ஸியுடையதுதான். ஆனாலும் லிம்போமாவில் ஒரு வகையான என்கே/டி லிம்போமா போன்றவற்றில் மேற்புறத் திசு செத்துக் கிடக்கும். அங்கே எடுத்த துணுக்கில் வெறும் அழற்சி என்றே அறிக்கை வரக்கூடும். ஏடிசி மிகத் தாழ்ந்திருக்க அறிக்கை மட்டும் அப்படிச் சொன்னால், ரேடியாலஜிஸ்ட் அறுவை மருத்துவரை அழைத்துப் படத்தில் அந்த இடத்தைக் காட்டி, இன்னும் ஆழத்திலிருந்து மறுபடி எடுக்கச் சொல்வார்.