செயின் இல்லாத பைக்: பழைய ஜப்பான் ஷாஃப்ட் டிரைவ் எப்படி வேலை செய்யுது

மழைக்காலத்துல பைக் ஓட்டுறவங்களுக்கு இது தெரியும், ரெண்டு நாள் சேத்துல போனாலே செயின் கரகரன்னு கத்த ஆரம்பிச்சிடும், துடைக்கணும், செயினுக்கு லூப் ஆயில் அடிக்கணும், தொங்குச்சுன்னா பின் வீல லூஸ் பண்ணி டைட் வைக்கணும். 1970கள்ல ஜப்பான்காரங்க 750, 1000 சிசின்னு பெரிய இன்ஜினா போட ஆரம்பிச்சப்போ இந்தத் தொல்லை இன்னும் அதிகமாச்சு, அன்னைக்கு இருந்த செயின் அந்த பவருக்கு சீக்கிரமே நீண்டு போயிடும். பிஎம்டபிள்யூ 1923லயே செயினுக்குப் பதிலா ஷாஃப்ட், அதாவது ஒரு இரும்புத் தண்டு வச்சு பைக் வித்தவங்க, அந்த வழியில இவங்களும் போனாங்க. 1975ல ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல் 1000, அப்புறம் யமஹா எக்ஸ்எஸ் 750, 1978ல ஹோண்டா சிஎக்ஸ் 500, 1979ல சுசுகி ஜிஎஸ் 850 ஜி.

லாரிக்கு அடியில குனிஞ்சு பாத்திருந்தீங்கன்னா பாதி விஷயம் புரிஞ்ச மாதிரிதான். கியர்பாக்ஸ்ல இருந்து ஒரு இரும்புத் தண்டு பின்னாடி வரும், கடைசியில கிரவுன் பினியன். பினியன்ங்கறது சின்ன பல்சக்கரம், தண்டோட சேந்து சுத்தும், அது பெரிய கிரவுன் வீலத் தள்ளும், அந்த இடத்துல சுத்து 90 டிகிரி திரும்பி வீலுக்குப் போகும். பினியன் ஏறக்குறைய மூணு தடவை சுத்தினா வீல் ஒரு தடவை சுத்தும். பைக்ல இந்தத் தண்டு, பின் வீலப் பிடிச்சுக்கிட்டு மேல கீழ ஆடுற கை மாதிரி இருக்கற ஸ்விங் ஆர்முக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும், ஸ்விங் ஆர்ம் மேல கீழ ஆடுற அதே இடத்துல ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், அதாவது மடங்கினாலும் சுத்துற இணைப்பு, இருக்கறதால பள்ளத்துல இறங்கினாலும் சுத்து நிக்காது.

ஜிஎஸ் 850ல நாலு சிலிண்டரும் குறுக்க வரிசையா நிக்கும், பிஸ்டன் சுத்தவிடுற கிராங்க் தண்டும் குறுக்க. அதனால அந்தச் சுத்தை கியர்பாக்ஸ் பக்கத்துல ஒரு தடவை திருப்பி பின்னாடி அனுப்பணும், வீல்கிட்ட இன்னொரு தடவை திருப்பணும். ஒவ்வொரு திருப்பத்துலயும் கொஞ்சம் பவர் சூடா வீணாப் போகும், எடையும் ஏறும், அந்த வண்டி 250 கிலோவுக்கு மேல. சிஎக்ஸ் 500ல ஹோண்டா கிராங்க்கையே முன்னும் பின்னுமா நீளவாக்குல படுக்க வச்சுட்டாங்க, ஒரே ஒரு திருப்பம் போதும். ஆனா நீளவாக்கு கிராங்க்ல வேற ஒரு சிக்கல் இருக்கு, நின்ன இடத்துல ஆக்சிலேட்டர முறுக்கினா வண்டி ஒரு பக்கமா சாயப் பாக்கும். அதைக் குறைக்க கிளட்ச்ச கிராங்க்குக்கு எதிர்த்திசையில சுத்த விட்டாங்க. எனக்கு இந்த வண்டி மேல மரியாதை வந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். லண்டன்ல கூரியர்காரங்க 80கள்ல இத வச்சுத்தான் நாள் பூரா மழையில ஓடினாங்க, செயினுக்குன்னு ஒரு நிமிஷம் கூட செலவு பண்ண வேண்டியதில்ல.

முதல் தடவை ஓட்டுறவங்க பயப்படுறது வேற ஒண்ணுக்கு. ஆக்சிலேட்டர் குடுத்தா செயின் வண்டியோட பின்பக்கம் அமுங்குற மாதிரி தோணும், ஆனா ஷாஃப்ட் வண்டி எந்திரிக்கும். ஏன்னா பினியன் கிரவுன் வீலத் தள்ளும்போது வீல ரோடு பிடிச்சு வைக்குது, அதனால பினியன் அந்தப் பல்லு மேல ஏறப் பாக்குது. கிரவுன் பினியன் இருக்கற அந்தப் பின் கியர் பெட்டி ஸ்விங் ஆர்மோட போல்ட் போட்டு இறுக்கினது, தனியா அசைய முடியாது, அதனால ஸ்விங் ஆர்மோட முன் நுனி மேல தூக்கும், கூடவே வண்டியும் தூக்கும். ஆக்சிலேட்டர விட்டா அப்படியே உக்காந்துடும். வளைவுல சாஞ்சு போயிட்டு இருக்கும்போது பயந்து படக்குன்னு மூடினீங்கன்னா தரையில இருந்து இருந்த இடைவெளி குறைஞ்சு ஃபுட் ரெஸ்ட் உரசும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் குறைச்சுட்டு உள்ள போனப்புறம் லேசா குடுத்துட்டே போகணும், பழகிட்டா அதுவே ஒரு அழகு. பிஎம்டபிள்யூ 1987ல ஆர் 100 ஜிஎஸ்ல இந்தப் பின் கியர் பெட்டியத் தனியா அசையவிட்டு, கூட ஒரு கம்பி சேத்து இதப் பெருசா குறைச்சாங்க.

பராமரிப்புன்னு பாத்தா சிஎக்ஸ் 500ல பின் பெட்டிக்கு கால் லிட்டருக்கும் கம்மியா கியர் ஆயில், அவ்வளவுதான். ஆனா மறக்கக் கூடாத இடம் ஒண்ணு இருக்கு, வீலும் பின் கியர் பெட்டியும் சேர்ற ஸ்ப்ளைன் பல்லு, அதாவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருந்துற பல்லு. பெட்டிக்குள்ள இருக்கற ஆயில் அங்க வராது, டயர் மாத்தும்போதெல்லாம் மாலிப்டினம் கிரீஸ் தடவணும், தடவாம விட்டா பல்லு தேஞ்சு கூராகி ஒருநாள் மொத்தமா வழுக்கிடும், இன்ஜின் உறுமும் வண்டி நகராது. பழைய ஷாஃப்ட் வண்டி பாக்கப் போனா பெயின்டயும் சைலன்சரையும் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பின் வீலக் கழட்டச் சொல்லுங்க.