ராட்செட் ஸ்பானருக்குள் ஓர் இடைவெளி

2014 டிசம்பரில், சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு ராட்செட் ஸ்பானர் பிறந்தது. நட்டை ஒரு திசையில் மட்டும் திருகி, மறுதிசையில் 'டிக் டிக்' என்று நழுவும் கருவி அது. மேட் இன் ஸ்பேஸ் நிறுவனத்தார் பூமியில் கணினியில் வடிவமைத்து, வெறும் கோப்பாக மேலே அனுப்பினார்கள். அங்கிருந்த முப்பரிமாண அச்சு இயந்திரம் பிளாஸ்டிக்கை உருக்கி, 104 அடுக்குகளாகப் படியவைத்து, சுமார் நான்கு மணி நேரத்தில் அதை முடித்தது. என்னை வியக்க வைப்பது வேறொன்று: உள்ளே அசையும் பாகங்கள் இருந்தும், அது ஒரே துண்டாக அச்சானது. தனித்தனியாக அச்சிட்டுக் கோக்கப் போனால் எடையில்லாத இடத்தில் சின்னத் துண்டுகள் மிதந்து போய்விடுமே!

இப்படி ஒன்றை எப்படி வரைகிறார்கள்? முதலில் தட்டையான கோட்டுப்படம். அதை மேலே இழுத்தால் தடிமன் வரும், ஒரு நடுக்கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் உருளை வரும். அளவுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவை தாமாகவே மாறும். உதாரணமாக, ராட்செட் சக்கரத்தில் 24 பற்கள் இருந்தால் ஒரு 'டிக்'குக்கு 15 டிகிரி திரும்பும். 72 வைத்தால் 5 டிகிரிதான், குறுகலான இடத்துக்கு வசதி. ஆனால் பல் சிறுத்துவிடும், பிளாஸ்டிக் தாங்காது.

சரி, உண்மையான சிக்கல் இடைவெளியில் இருக்கிறது. திரையில் பற்சக்கரமும் அதன் கூடும் துளி இடைவெளிகூட இல்லாமல் உரசி நிற்கலாம், மென்பொருள் ஒன்றும் சொல்லாது. அச்சிட்டால் இரண்டும் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். இடைவெளி கூடினாலோ பாகம் லொடலொடக்கும், பற்கள் சரியாகக் கவ்வாது. இரும்பு ஸ்பானரிலும் இதே கதைதான்: 10 மி.மீ. ஸ்பானரின் வாய் 10 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், இல்லாவிட்டால் நட்டில் நுழையாது. பொருளை வரைவதைவிட இந்த வெற்றிடத்தை வரைவதுதான் கடினம் என்பேன்.

அப்புறம், கைப்பிடி தலையோடு சேரும் உள்மூலையைக் கூராக விடக்கூடாது, விசை அங்கேதான் குவிந்து விரிசல் விடும், வளைத்துவிட வேண்டும். அடுக்குகளுக்கிடையிலான ஒட்டு பலவீனம் என்பதால், கைப்பிடியைப் படுக்கவைத்து அச்சிடுவது நல்லது.

இடைவெளி எவ்வளவு என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். 0.2, 0.3, 0.4 மி.மீ. என்று விட்டு ஒரு சின்ன மாதிரியை முதலில் அச்சிட்டு, எது தடையில்லாமல் சுழல்கிறது என்று கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணை மாடலில் ஓரிடத்தில் மாற்றினால் போதும், கூடு முழுவதும் அதற்கேற்ப விலகிக் கொடுக்கும்.