கிளினிக் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

டர்பனில் இதயப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். மறுபடியும் அதே கதை. இங்கே சாட்ஸ்வர்த் பகுதிப் பையன், வயது 23, நீலக் குழந்தையாகப் பிறந்து ஃபாலோட் டெட்ராலஜி என்ற பிறவி இதயக் கோளாறுக்குச் சின்ன வயதிலேயே ஆபரேஷன் ஆனவன், மைதானத்தில் மயங்கி விழுந்து ஆம்புலன்ஸில் வந்தான். கடைசியாக எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தது எப்போது என்று கேட்டால் அம்மா என்னையே வியப்பாகப் பார்க்கிறார்: "அதான் அப்பவே ஓட்டையை அடைச்சாச்சே சிஸ்டர்!"

அடைத்தது உண்மைதான், ஆனால் அவனுக்கு இருந்தது ஓட்டை மட்டுமா? நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகி இருந்தது. அதை அகலமாக்க, பல குழந்தைகளுக்கு வால்வின் குறுக்கே வெட்டி ஒட்டுப் போட்டுத் தைக்க வேண்டியிருக்கும். பிள்ளை பிழைக்கும், உதட்டு நீலம் போகும், வீடே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கும். ஆனால் அந்த வால்வு அதற்கப்புறம் சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் வலது கீழறைக்கே திரும்பி வரும். இருபது வருஷம் இப்படியே ஓடினால் அந்த அறை பெருத்துப்போகும், துடிப்பு தாறுமாறாகலாம், அதுவரை பையன் கிரிக்கெட் ஆடுவான், பிரியாணி சாப்பிடுவான், வெளியே ஒன்றும் தெரியாது. முற்றிய பிறகு புது வால்வு வைத்தாலும் அறை பழைய நிலைக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது. நன்றாக இருக்கும்போதே வாருங்கள் என்று கூப்பிடுவது எங்களுக்குப் பொழுது போகாமல் இல்லை.

எல்லோரையும் பயமுறுத்தவில்லை. நேரத்தோடு மூடப்பட்ட சாதாரண ஓட்டை, பிறந்தபின் தானாக மூடாமல் பிறகு மூடப்பட்ட பிடிஏ என்ற ரத்தக் குழாய், இவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள் மாதிரியே வாழ்வார்கள். இனி வர வேண்டாம் என்பதை டாக்டர் சொல்லட்டும், பாட்டி சொல்ல வேண்டாம். மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய், குறுகி ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தம் ஏறலாம். ஒரே கீழறை மட்டும் சரியாக வேலை செய்ததால் ஃபோன்டான் என்ற ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஈரலையும் பார்க்க வேண்டும். குழந்தையில் வைத்த செயற்கைக் குழாய் பிள்ளையோடு வளராது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

குழந்தைகள் கிளினிக்கிலிருந்து பெரியவர்கள் கிளினிக்குக்கு மாறும் வயதில்தான் நிறையப் பேர் காணாமல் போகிறார்கள். அம்மா கூட்டிவருவதை நிறுத்துகிறார், பையனுக்கு வெட்கம், வேலை, ஏதோ ஒன்று.

அடுத்து பல். வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் உட்காரலாம். செயற்கை வால்வு இருந்தால் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் வேண்டும், பல் டாக்டரிடம் தழும்பைக் காட்டிச் சொல்லுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் விடாமல் இருந்தால் வீட்டில் கிடக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டு வராதீர்கள், ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி பிடிபடாமல் போகலாம். முதலில் ரத்தம் எடுக்கட்டும்.

தைப்பூசம் வந்தால் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும். செயற்கை வால்வோடு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்திக்கொள்வேன் என்று நேர்ந்துகொள்கிறார்கள். ரத்தம் லேசில் நிற்காது, கிருமி உள்ளே போய் வால்வில் உட்காரலாம். முருகன் எனக்கும் தெய்வம்தான். பால்குடம் எடுங்கள், அலகில்லாத காவடி எடுங்கள், விரதம் இருக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள், முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று தழும்பை மறைத்துக் கல்யாணம் செய்து, ஏழாம் மாதம் மூச்சு வாங்கும்போது எங்களிடம் கொண்டுவராதீர்கள். கர்ப்பத்துக்கு முன்பே ஒருமுறை வரட்டும். வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கலாம், பயந்து தானாக நிறுத்தினால் செயற்கை வால்வில் ரத்தம் உறையலாம், இரண்டையும் கணக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பழைய அட்டை, ஆபரேஷன் குறிப்பு எதையும் எறியாதீர்கள். போனில் படம் எடுத்துப் பிள்ளைக்கும் அனுப்புங்கள். ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போன பையன் நடுராத்திரி அங்கே அவசரப் பிரிவில் படுத்துக்கொண்டு "சின்ன வயசுல ஏதோ ஓட்டை இருந்துச்சாம்" என்று மட்டும் சொன்னால், டியூட்டி டாக்டர் எங்கிருந்து ஆரம்பிப்பார்?